சட்டியில் விழாத 15,841 பேர்

2020 அக்டோபர் 3 அன்று பிரிட்டன் அறிவித்த புதிய கொரோனா தொற்றுகள் 12,872. மறுநாள் 22,961. ஒரே இரவில் நோய் அப்படித் தாவிவிடவில்லை. கணக்கில் வராமல் கிடந்தவர்கள் அந்த இரண்டு நாட்களில்தான் சேர்க்கப்பட்டார்கள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் அப்படி விடுபட்டவர்கள் 15,841 பேர்.

ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகளை, அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு எக்ஸெல் கோப்புகளாக மாற்றி மையக் கணினிக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பயன்படுத்தியது பழைய எக்ஸெல் வடிவம். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். பத்து லட்சம் வரிகளுக்கு மேல் கொள்ளும் புதிய வடிவம் 2007-லேயே வந்துவிட்டது. ஒருவரின் முடிவே பல வரிகளைப் பிடித்துக்கொண்டதால், சுமார் 1,400 பேரோடு கோப்பு நிறைந்துவிட்டது. மிஞ்சியவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனார்கள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மையக் கணினி கூட்டலில் தவறவில்லை. தன்னிடம் வந்தவர்களைச் சரியாகவே எண்ணியது.

தப்பான தகவலைக்கூட ஒருவகையில் பிடித்துவிடலாம். வயது 210 என்று இருந்தால் யார் கண்ணிலும் படும். வராத தகவல் அப்படி இல்லை. இருக்கும் வரிகள் எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக நிற்கும். அதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

தொற்று உறுதியானவர்களுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்கள் யாரோடு பழகினார்கள், யாரோடு சாப்பிட்டார்கள் என்று விசாரிக்க வேண்டிய குழுவுக்குப் பெயர்களே போகவில்லை. அந்த விசாரணைக்கு முதல் சில நாட்கள்தான் உயிர். தள்ளிப்போன ஒவ்வொரு நாளும், தங்களுக்குத் தெரியாமலே நோயைச் சுமந்தவர்கள் வேலைக்கும் கடைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

எக்ஸெலைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். நெல் லாரி கிடங்குக்கு வந்தால் ஏற்றிய மூட்டை எத்தனை, இறக்கிய மூட்டை எத்தனை என்று ஒத்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆய்வகம் அனுப்பியது எத்தனை, மையத்தில் ஏறியது எத்தனை? இந்த இரண்டு எண்களை அன்றன்றைக்கு அருகருகே வைத்திருந்தால் முதல் நாளே துண்டு விழுந்தது தெரிந்திருக்கும்.

பிறகு கோப்புகளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து அனுப்பத் தொடங்கினார்கள். அக்டோபர் 5 அன்று சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் நாடாளுமன்றத்தில் பேசியபோது, விடுபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் விசாரணைக் குழு பேசி முடித்திருந்தது.