வெந்நீர்மேல் காத்திருக்கும் ரெண்டாங்

நோன்பு மாத மாலைகளில் ஜொகூர் பாரு ஹோட்டல்களின் பஃபே கூடத்தில் மேசைகள் நிரம்பியிருக்கும், யாரும் சாப்பிடமாட்டார்கள். பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தோடு நோன்பு துறந்து, தட்டை ஏந்தி ஏறக்குறைய எல்லாருமே ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். முன்பே சமைத்து வைத்த ரெண்டாங்கும் (தேங்காய்ப்பாலில் வற்றவைத்த இறைச்சி) பிரியாணியும் அப்போதும் ஆவி பறக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு மூடி போட்ட அந்த எஃகுப் பாத்திரம்: சேஃபிங் டிஷ்.

உண்மையில் அது இரண்டு தட்டு. அடித்தட்டில் விரற்கடை ஆழத்துக்கு வெந்நீர். அதன்மேல் உணவுத்தட்டு, 530 மில்லிமீட்டர் நீளம், 325 அகலம். இது உலகெங்கும் புழங்கும் அளவு என்பதால் எந்த நிறுவனத்தின் தட்டும் பொருந்தும். அடியில் ஆல்கஹால் ஜெல் நிரப்பிய சிறு டப்பாக்கள் எரியும். நெருப்பு உணவுத்தட்டைத் தொடுவதே இல்லை. நீராவி எழுந்து தட்டின் அடியில் பட்டுத் திரும்ப நீராகும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுச்செல்கிறது. வெந்நீர் ஒரு கிராம் ஒரு டிகிரி ஆறினால் கிடைப்பதோ ஒரே கலோரி. ஆவியின் சூடும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, தேங்காய்ப்பால் அடிப்பிடிக்காது. தண்ணீர் வற்றிவிட்டால் இந்தக் காவல் போச்சு.

ஆனால் இது அடுப்பு அல்ல. சூட்டைக் காக்கும், ஆறியதை விரைவில் சூடாக்காது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சு சுரக்கும். அதில் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் சோறு அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்து சேர வேண்டும். பழைய சோற்றின்மேல் புதியதைக் கொட்டாமல் தட்டையே மாற்றுகிற ஊழியரைக் கண்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

எல்லா உணவுக்கும் ஆவி ஒத்துக்கொள்வதில்லை. ரெண்டாங் பொறுத்துக்கொள்ளும். பொரித்த கோழியை மூடினால், மூடியில் படியும் நீர் சொட்டி மொறுமொறுப்பு போய்விடும். அதற்கு மூடியில்லாமல் மேலிருந்து காயும் வெப்ப விளக்கு. குழம்பூற்றிய நூடுல்ஸ் உணவான ஜொகூர் லக்சா இன்னும் சிக்கலானது. மற்ற ஊர் லக்சாக்களைப் போலன்றி இதற்கு ஸ்பகெட்டிதான். குழம்பில் ஊறவிட்டால் அதிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சிக்கொண்டே போய்க் கொழகொழத்துவிடும். ஆகவே ஸ்பகெட்டி தனி, கெட்டியான மீன் குழம்பு தனி, பச்சைக் காய்கள் தனி, கிண்ணத்தில்தான் சேரும். குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சியான சாத்தே கரி அடுப்பை விட்டு நகராது. எத்தனை வகை என்று விளம்பரம் சொல்லட்டும்; எதையெல்லாம் மூடிக்குள் வைக்காமல் விட்டார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

ஜெல்லுக்கு ஒரு கெட்ட குணம். அதன் சுடர் வெளிறிய நீலம், கூடத்து வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதாக நினைத்து மீண்டும் நிரப்பினால் குப்பென்று பற்றும். இந்தத் தொல்லை வேண்டாமென்று மின்தூண்டல் அடுப்புக்கு மாறுகிறவர்களும் உண்டு; அதற்குக் காந்தம் ஒட்டுகிற எஃகில் அடிப்பாகம் செய்த பாத்திரம் வேண்டும்.