குதிரையாய் நடந்த டிராகன்

சிறுவர் கதைகளில் டிராகனுக்கு நல்ல பெயர் கிடைப்பது அரிது. மேலைநாட்டுக் கதைகளில் அது குகைக்குள் பொற்குவியலின்மேல் படுத்திருக்கும், நெருப்பைக் கக்கும், ஒரு வீரன் வந்து வாளால் வீழ்த்தும்வரை ஊரை நடுங்க வைக்கும். அது செத்ததும் கதை முடிந்துவிடும். தமிழ் விவிலியத்தில் இதற்கு 'வலுசர்ப்பம்' என்று பெயர். அங்கும் அது தீமையின் வடிவமே.

ஆனால், தவறு செய்த டிராகனைக் கொல்லாமல் திருந்தவிட்ட கதைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று நம் அண்டை வீட்டிலேயே இருக்கிறது. சீன நண்பர்களோடு ஒரே வகுப்பில் படித்திருக்கிறோம். ஒரே விடுதியில் தங்கியிருக்கிறோம். ஆயினும், அவர்கள் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற கதையில் நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் குரங்கு அரசன் மட்டும்தான். அந்தக் கதையில் ஒரு வெள்ளைக் குதிரையும் வருகிறது. அது உண்மையில் குதிரையன்று. குற்றம் புரிந்த ஓர் இளம் டிராகன். திருந்துதல் என்றால் என்ன என்பதை அந்தக் குதிரையைப் போல் எளிமையாகச் சொன்ன பாத்திரம் சிறுவர் இலக்கியத்தில் குறைவு என்பது என் கருத்து.

கதையின் ஊற்று

ஏழாம் நூற்றாண்டில் பௌத்த நூல்களைத் தேடிச் சீனாவிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற யுவான் சுவாங்கை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் 645-ஆம் ஆண்டு நூல்களோடு நாடு திரும்பினார். அவருடைய பயணக்குறிப்பில் திராவிட நாடும் அதன் தலைநகரான காஞ்சிபுரமும் இடம்பெற்றுள்ளன. அவருடைய சீடர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு குதிரையும் வருகிறது. வயதான, மெலிந்த, செந்நிறக் குதிரை அது. பாலைவனத்தில் பல நாள் தண்ணீரின்றித் தவித்தபோது நீர் இருக்கும் இடத்தை அதுவே கண்டு அவரைக் காப்பாற்றியதாம்.

இந்த வரலாற்றைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாகக் கதைகள் வளர்ந்தன. அவை திரண்டு நூறு அத்தியாயங்கள் கொண்ட நாவலாக உருப்பெற்றன. இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1592-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆசிரியர் வூ செங்கென் என்பது பரவலான கருத்து. அதில் ஆய்வாளர்களிடையே மாற்றுக் கருத்தும் உண்டு. முதலில் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நூல்தான். ஆனால் சுருக்கப் பதிப்புகள், படக்கதைகள், சீனத் தொலைக்காட்சி 1980-களில் 25 பாகங்களாகத் தயாரித்த தொடர் ஆகியவற்றின் வழியாக இன்று அது சிறுவர்களின் சொத்தாகிவிட்டது.

கிழக்கின் டிராகன் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'நாகம்' என்ற சொல்லுக்கு டிராகனைக் குறிக்கும் 'லோங்' என்ற சொல்லையே பயன்படுத்தினர். நீருக்கு அதிபதிகளான நம் நாக அரசர்களின் சாயல் சீனத்தின் கடலரசர்களிடமும் படிந்தது. நம் கதாநாயகனும் ஒரு கடலரசனின் மகன்தான்.

குற்றமும் தண்டனையும்

மேற்குக் கடலின் டிராகன் அரசனுக்கு ஒரு மகன். அவன் அரண்மனையில் தீ வைத்து, அங்கிருந்த ஒளிவீசும் முத்தை எரித்துவிடுகிறான். தந்தையே விண்ணுலகில் முறையிடுகிறார். விண்ணரசர் அவனை வானில் தொங்கவிட்டு, முந்நூறு கசையடி கொடுத்து, மரண தண்டனையும் விதிக்கிறார். பெற்றவரே கைவிட்ட பிள்ளை அவன்.

அவ்வழியே செல்லும் குவான் யின் அவனுடைய அழுகுரலைக் கேட்கிறார். கருணையின் வடிவமாகச் சீனர்கள் வழிபடும் இவர், இந்தியப் பௌத்தத்தின் அவலோகிதரே. பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி ஆலயத்தில் 30 மீட்டர் உயர வெண்கலச் சிலையாக நிற்பவரும் இவர்தான். அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் சொல்வதைத் தமிழ் படிக்கும் நாம் இங்கே நினைத்துக்கொள்ளலாம். குவான் யின் விண்ணரசரிடம் பேசி அவனுடைய உயிரைக் காக்கிறார். ஆனால் குற்றத்தை இல்லையென்று ஆக்கவில்லை. "மேற்கே நூல் தேடிச் செல்லும் துறவி ஒருவர் வருவார், அவரைச் சுமந்து செல்ல வேண்டும்" என்று பணித்து, ஒரு மலைச் சுனையில் காத்திருக்கச் சொல்கிறார்.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. துறவி வருகிறார். பசியிலிருந்த டிராகன், யார் எவரென்று அறியாமல் அவருடைய குதிரையை விழுங்கிவிடுகிறது! குரங்கு அரசன் சுன் வூகோங் சண்டைக்குப் பாய்கிறான். தோற்ற டிராகன் சிறு நீர்ப்பாம்பாக உருமாறிப் புல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. கடைசியில் குவான் யின் வந்துதான் சிக்கல் தீர்கிறது. "துறவி, நூல் என்ற சொற்களை இவன் ஒருமுறையேனும் சொல்லியிருந்தால் நான் அப்போதே பணிந்திருப்பேனே" என்பதே டிராகனின் முறையீடு. குரங்கு அரசன் கேள்வி கேட்கவில்லை, கோலைத்தான் ஓங்கினான்.

கடிவாளம்

குவான் யின் அதன் கழுத்து முத்துகளைக் கழற்றி, புனித நீர் தெளித்து, அதை வெள்ளைக் குதிரையாக மாற்றுகிறார். மாறும்போது அதன் வாயில் குறுக்கே ஓர் எலும்பு அமைந்துவிடுகிறது. அதனால் அது பேசி ஒப்புக்கொள்ளவில்லை. மனத்தால் மட்டுமே ஒப்புக்கொள்கிறது. வானில் பறக்கக்கூடிய ஓர் உயிர், இனி முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு மலைகளையும் ஆறுகளையும் நடந்தே கடக்க வேண்டும். கதைக்கணக்கில் முழுப் பயணமும் 14 ஆண்டுகள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது ஓர் அடக்குமுறைக் கதை. முரடன் ஒருவனுக்குக் கடிவாளம் போட்டாகிவிட்டது, வாயையும் அடைத்தாகிவிட்டது, இனித் தொல்லை இல்லை என்று மகிழ்ந்திருப்போம். உண்மையில், 'திருந்திவிட்டான்' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறோம். ஆனால் கதாசிரியர் முப்பதாவது அத்தியாயத்தில் நம்மைத் திகைக்க வைக்கிறார்.

கயிற்றை அறுத்த இரவு

அப்போது பயணக்குழுவே சிதறிக் கிடக்கிறது. துறவி குரங்கு அரசனைத் தவறாகப் புரிந்துகொண்டு விரட்டிவிட்டார். ஒரு சீடன் பகைவனிடம் சிறைப்பட்டான். இன்னொரு சீடனான பன்றிமுகன் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டான். துறவியையோ ஓர் அரக்கன் மந்திரத்தால் புலியாக்கிக் கூண்டில் அடைக்கச் செய்துவிட்டான். விடுதியில் கட்டிக்கிடக்கும் வெள்ளைக் குதிரையின் காதில் இச்செய்தி விழுகிறது.

அதற்கு யாரும் கட்டளை இடவில்லை. பார்ப்பாரும் யாருமில்லை. குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு டிராகனாக எழுகிறது. பணிப்பெண் வடிவம் எடுத்து அரக்கனுக்கு மது ஊற்றுகிறது. வாள் நடனம் ஆடிக்கொண்டே அவனை வெட்டப் பாய்கிறது. அரக்கன் வலியவன். பின்னங்காலில் அடிபட்டு, அரண்மனை நீரோடையில் குதித்து, நொண்டியபடி கொட்டிலுக்குத் திரும்புகிறது. வீரச்செயல் தோல்வியில் முடிகிறது.

தூங்கி எழுந்து வந்த பன்றிமுகனிடம் குதிரை வாய் திறந்து பேசுகிறது. அவனோ, "எல்லாம் முடிந்தது. நீ உன் கடலுக்குப் போய்விடு, நான் என் மாமனார் வீட்டுக்குப் போகிறேன்" என்கிறான். டிராகனுக்கு விடுதலை இவ்வளவு அருகில் வந்தது இதற்குமுன் இல்லை. அது என்ன செய்தது? அவனுடைய அங்கியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கண்ணீர் வழிய, விரட்டப்பட்ட மூத்த சீடனை அழைத்துவரும்படி மன்றாடுகிறது. அவனும் போகிறான். குரங்கு அரசன் வருகிறான். துறவி பிழைக்கிறார்.

அந்த டிராகன் திருந்தியது எப்போது? கடிவாளம் பூட்டிய அன்றா? அல்ல. கடிவாளத்தை அறுக்க முடிந்தும், ஓடிப்போக வழியிருந்தும், ஓடாமல் நின்ற அந்த இரவில்தான். கீழ்ப்படிதல் வேறு, திருந்துதல் வேறு. முன்னதை அச்சத்தால் வாங்கிவிடலாம். பின்னது தானாக வர வேண்டும்.

மற்ற டிராகன்கள்

இதன் அருமை, பிற கதைகளோடு ஒப்பிடும்போது இன்னும் தெளிவாகும். நம் காளிங்கன் கதையில் கண்ணன் பாம்பின் தலைமேல் ஆடி அதன் செருக்கை அடக்குகிறான். பிறகு உயிர்ப்பிச்சை அளித்து யமுனையைவிட்டு வெளியேறச் சொல்கிறான். அது கருணைதான். ஆனால் அதன்பின் காளிங்கன் என்ன ஆனான் என்று நாம் கேட்பதில்லை.

ஆங்கிலத்தில் கென்னத் கிரகாம் 1898-இல் எழுதிய கதையில் வரும் டிராகன் சண்டையை வெறுத்துக் கவிதை புனையும் சாது. அது திருந்த வேண்டியதில்லை. ஊரார் பார்வைதான் திருந்த வேண்டும். சி. எஸ். லூயிஸ் 1952-இல் வெளியிட்ட நார்னியா கதையில், தன்னலம் மிக்க யூஸ்டஸ் என்ற சிறுவன் டிராகனின் புதையல்மேல் பேராசையோடு உறங்கி, டிராகனாகவே விழித்தெழுகிறான். அந்த உருவத்தில்தான் முதன்முறையாகப் பிறருக்கு உதவுகிறான்: கப்பலின் பாய்மரத்துக்கு மரம் கொண்டுவருகிறான், குளிரில் நெருப்பு மூட்டுகிறான். எனினும் அவனுடைய தோலை அவனால் முழுதாக உரிக்க முடியவில்லை. அஸ்லான் என்ற சிங்கம்தான் உரிக்க வேண்டியிருந்தது. அதன்பின்னும் அவன் ஒரே நாளில் நல்லவனாகிவிடவில்லை என்பதை லூயிஸ் மறைக்கவில்லை.

யூஸ்டஸின் கதையில் டிராகன் உருவமே நோய். அது கழன்றால்தான் குணம். சீனக் கதை இதில் வேறுபடுகிறது. பயணம் முடிந்ததும் புத்தர் ஒவ்வொருவருக்கும் பதவி அளிக்கிறார். குதிரையை மறக்கவில்லை. அதை மலைக்குப் பின்னாலுள்ள ஒரு குளத்தில் இறக்குகிறார்கள். குதிரைத் தோல் உதிர்கிறது, கொம்பு முளைக்கிறது, பொற்செதில் மின்னுகிறது. அது மறுபடியும் டிராகனாகி, மலை வாயிலில் உள்ள பெருந்தூணைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கிடைத்த பரிசு, அது தானாகவே ஆனதுதான்.

நமக்கு என்ன?

வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் இலவச வகுப்பில் இக்கதையைப் பகுதி பகுதியாகச் சொல்லி வந்தேன். அங்கே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். இரண்டு பள்ளி மாறி வந்தவன். கட்டொழுங்குப் பதிவேட்டில் பெயர் ஏறியவன். "இப்போது நன்றாகத் திருந்திவிட்டான், இருக்கும் இடமே தெரிவதில்லை" என்று அவனை எனக்கு அறிமுகப்படுத்தியிருந்தனர். மெய்தான். மூன்று வாரம் அவன் குரலை நான் கேட்கவே இல்லை. கடிவாளப் பகுதியைச் சொன்ன அன்றுதான் கேட்டான்: "அக்கா, அது கடைசி வரைக்கும் குதிரையாவே இருக்குமா? திரும்ப டிராகன் ஆகாதா?"

அக்கேள்விக்குப் பிறகுதான் இக்கதையைக் கூர்ந்து படிக்கத் தொடங்கினேன். திருந்திய பிள்ளை என்றால் ஓசையின்றி இருக்கும் பிள்ளை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவனிடமிருந்த வேகம், துணிவு, கேள்வி கேட்கும் குணம் எல்லாவற்றையும் குற்றத்தோடு சேர்த்தே கழற்றிவிடப் பார்க்கிறோம். ஆனால் அன்றிரவு துறவிக்காகப் போராடியது குதிரையன்று, டிராகன்தான். அரண்மனையை எரித்த அதே ஆற்றல்தான் அங்கே துணைக்கு வந்தது.

வள்ளுவர் 'குற்றங்கடிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். கடிய வேண்டியது குற்றத்தை, குற்றவாளியை அல்ல. இக்கதை அதற்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, எல்லாரும் கைவிட்ட நிலையில் பரிந்து பேச ஒருவர் வேண்டும். இரண்டாவது, வெறும் மன்னிப்பு போதாது. சுமக்கத்தக்க ஒரு பொறுப்பும், அதைச் சுமந்து முடிக்கக் காலமும் தர வேண்டும். மூன்றாவது, கோலை ஓங்குமுன் ஒரு சொல் கேட்க வேண்டும்.

பட்டம் பெற்று ஆசிரியராகவும் அதிகாரியாகவும் நம்மில் பலர் போகவிருக்கிறோம்; முன்னாள் மாணவர்கள் பலர் ஏற்கெனவே அந்நாற்காலிகளில் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவனோ, சிறைசென்று மீண்டவனோ நம் மேசைமுன் வந்து நிற்கும் நாள் வரும். அவன் எவ்வளவு அடங்கியிருக்கிறான் என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போட வேண்டாம். எதைச் சுமக்க அவன் ஆயத்தமாக இருக்கிறான் என்று கேட்போம். அவன் பதில் சொல்லும்வரை காத்திருப்போம்.