கருவுற்ற தாயும் உளநோய் மருந்தும்

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ஒருவன் குடும்பத்தில் இருந்தால், உறவினர் அவனை அரை வைத்தியனாகவே எண்ணிவிடுவர். வேதியியல் பயிலும் எனக்கும் அப்பெருமை கிட்டியது. சென்ற ஆண்டு ஓரிரவு ஊரிலிருந்து என் பெரியம்மா மகள் தொலைபேசியில் அழைத்தார். மிகையான களிப்பும் மிகையான சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்காகப் பல ஆண்டுகளாய் லித்தியம் உட்கொண்டு நலமாக வாழ்ந்து வந்தவர் அவர். "தம்பி, நாள் தள்ளிப்போயிருக்கிறது. இந்த மாத்திரையைப் போடலாமா?" என்று கேட்டார். "எதற்கு வம்பு, அக்கா? நிறுத்திவிடுங்கள்" என்றேன்.

ஐந்து வாரத்திற்குள் அக்காவுக்கு உறக்கம் போயிற்று. பின்னர் உணவு போயிற்று. இறுதியில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. தாயும் சேயும் இன்று நலம். எனினும் அன்று நான் கூறிய விடை தவறு. அஃது ஏன் தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சத்தின் வேர்

என் அச்சம் காரணமற்றதன்று. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் குமட்டலுக்கும் அதனை உட்கொண்டனர். 1961 இறுதியில் அங்கு அது விலக்கப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் அம்மருந்தால் கேடுற்ற குழந்தைகள் பத்தாயிரத்திற்கும் மேல் என்பர். அவர்களுள் பலர் கைகால் குறைபட்டுப் பிறந்தனர். நஞ்சுக்கொடி ஒரு கோட்டைச் சுவர் அன்று, சிறு மூலக்கூறுகள் அதனைக் கடந்து செல்லும் என்பதை உலகம் அன்று கண்கூடாகக் கண்டது. ஆனால் அதிலிருந்து, 'எல்லா மருந்தும் நஞ்சே' என்று முடிவு கட்டுவது பிழை.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

முதலில் ஒன்றை நினைவிற் கொள்வோம். மருந்தே உட்கொள்ளாத தாய்மார்க்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 ஏதேனும் ஒரு பெரிய பிறவிக் குறையுடன் பிறக்கின்றன. எந்த மருந்தையும் இந்த எண்ணோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும்.

வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரப்படும் வால்புரோயேட் இவ்வகையில் மிகக் கொடியது. அதனை உட்கொள்ளும் தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு 10 அளவில் பிறவிக் குறை காணப்படுகிறது. 30 முதல் 40 பேர் பேச்சிலும் கல்வியிலும் பின்தங்குகின்றனர். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த நான்கு வாரத்தில் மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் கருவுற்றதையே அப்போதுதான் அறிகின்றனர். ஆதலின் 2018-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருவுற்ற காலத்தில் இருமுனைக் கோளாறுக்கு இதனைத் தரலாகாது என்று விதித்தது.

லித்தியத்தின் கதை வேறு. 1968-இல் டென்மார்க்கில் லித்தியக் குழந்தைகளுக்கெனப் பதிவேடு ஒன்று தொடங்கப்பெற்றது. இதயக் குறை பன்மடங்கு மிகுதி என்று அது காட்டிற்று. ஆனால் அப்பதிவேட்டிற்கு மருத்துவர்கள் தாமே முன்வந்து தகவல் அனுப்பினர். குறையோடு பிறந்த குழந்தையைப் பற்றி எழுதத் தோன்றும். நலமாகப் பிறந்ததைப் பற்றி யார் எழுதுவர்? 2017-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், லித்தியம் உட்கொண்டோரின் குழந்தைகளில் 100-க்கு 2.4 பேருக்கும், உட்கொள்ளாதோரின் குழந்தைகளில் 1.15 பேருக்கும் இதயக் குறை இருந்தது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்கு மேற்படாதவரிடை வேறுபாடு மிகச் சிறிது. 900-ஐத் தாண்டியவரிடை ஏறத்தாழ மும்மடங்கு. தீங்கு உண்டு, ஆனால் அஃது அளவைப் பொறுத்தது.

மனச்சோர்வு நோய்க்குரிய செர்ட்ராலின் போன்றவற்றால் பெருங்குறைகள் குறிப்பிடத்தக்க அளவில் மிகுவதில்லை. சில குழந்தைகள் பிறந்த சில நாள் நடுக்கத்துடன் இருக்கும். பெரும்பாலும் தானே தணியும். தாய்ப்பாலிற் செல்லும் அளவும் மிகக் குறைவு.

நோயும் தீங்கே

மருந்தை நிறுத்தினால் தட்டு வெறுமையாகிவிடுவதில்லை. அங்கே நோய் வந்து அமர்கிறது. 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கருவுற்ற காலத்தில் மனச்சோர்வு மருந்தை நிறுத்திய பெண்களில் 100-க்கு 68 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவருள் 26 பேருக்கே திரும்பியது. அவர்கள் சிறப்பு மருத்துவ மையங்களை நாடிய, நோய் முற்றியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நோயுற்ற தாய் உண்ணார், உறங்கார், பரிசோதனைக்குச் செல்லார். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்வர். மகப்பேற்றுக்குப்பின் வரும் கடும் சித்தக்கலக்கம் பொதுவாக 1000 பேரில் ஒருவர் இருவருக்கே. இருமுனைக் கோளாறு உடையவரிடை ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு.

செய்யத் தக்கவை

கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசுதல் தலையாயது. மருந்தை மாற்றவோ, அளவைக் குறைக்கவோ, ஃபோலிக் அமிலம் தொடங்கவோ அப்போதுதான் காலம் உண்டு. முன்னரே கருவுற்றிருந்தால், எதையும் தாமாக நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும். வால்புரோயேட் ஆயினும் இதுவே விதி. லித்தியம் தொடர்பவர் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற காலத்தில் சிறுநீரகம் விரைந்து வேலை செய்வதால் இரத்தத்தில் அதன் அளவு குறையும், மகப்பேற்றுக்குப்பின் மீண்டும் ஏறும்.

நாம் வாழும் இப்பெங்களூரில், நிம்ஹான்ஸ் நிறுவனத்தில், தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் உள்ளது. நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 14416 என்னும் எண்ணை அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். இங்கு வேலைக்கு வந்த நம் மக்களுள் கன்னடமோ ஆங்கிலமோ அறியாத பெண்கள் பலர். அவர்களோடு மருத்துவமனைக்குச் சென்று, அவர் சொல்வதை மருத்துவருக்கும் மருத்துவர் சொல்வதை அவருக்கும் எடுத்துரைப்பது நம் சங்கத்தார் எளிதில் செய்யக்கூடிய தொண்டு.

நண்பர்களே, உங்களுக்கும் ஓரிரவு இத்தகைய அழைப்பு வரலாம். அப்போது, "எனக்குத் தெரியாது அக்கா, நிறுத்த வேண்டாம், காலையில் மருத்துவரிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள். அவ்வளவு சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை.