வீட்டுத் தரகர் வேலைக்கு நேர்முகத் தேர்வா?

"அப்பா, எஸ்டேட் ஏஜெண்டு வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்று உங்கள் மகளோ மகனோ வந்து சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? எஸ்டேட் என்றால் நமக்குத் தோட்டம். துரையும் கிராணியும் மண்டோரும்தான் கண்முன் வருவார்கள். ஆனால் பினாங்குப் பட்டணத்தில் இந்த வேலைக்கும் பால்மரத்துக்கும் சம்பந்தமில்லை. வீடு, கடை, நிலம் முதலியவற்றை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கும் தரகு வேலை இது. நாணயமாகச் செய்தால் நல்ல தொழில். ஆனால் விவரம் தெரியாமல் போய் உட்காரக் கூடாது. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து இதைப் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நினைத்தவரெல்லாம் தரகு செய்ய முடியாது. 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டம் இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்துகிறது. இதற்கென்று ஒரு வாரியம் உண்டு. வாரியத் தேர்வுகளில் தேறி, இரண்டாண்டு நடைமுறைப் பயிற்சியும் முடித்துப் பதிவு பெறுபவரே முழு முகவர். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் அவருக்குக் கீழே 'நெகோஷியேட்டர்' என்ற பெயரில் வேலை செய்வார்கள். 2014-ஆம் ஆண்டு முதல் அவர்களும் பதிவு பெற வேண்டும். இரண்டு நாள் வகுப்புக்குப் போன பிறகு, எண்ணும் படமும் உள்ள சிவப்பு அட்டை கிடைக்கும். ஒரு சமயத்தில் ஒரே நிறுவனத்தில்தான் வேலை செய்யலாம்.

"அட்டை பிறகு வரட்டும், நாளைக்கே ஆரம்பித்துவிடு" என்று எவராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பதிவில்லாமல் தரகு செய்தால் 300,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

என்ன கேட்பார்கள்?

"ஏன் இந்த வேலைக்கு வருகிறாய்?" என்பது முதல் கேள்வியாக இருக்கும். "நிறையச் சம்பாதிக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் உண்டு. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது, நம்மவர்களுக்கு வேலையோடு வீடும் போயிற்று. அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். சொந்த வீட்டின் அருமை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். உங்கள் குடும்பத்தின் கதையும் அதுவானால், உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள்.

"இரவு எட்டு மணிக்கு ஒருவர் 2,000 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்து, 'வீட்டைப் பிடித்து வை' என்கிறார். என்ன செய்வாய்?" என்றும் கேட்கலாம். "என் கையிலும் வாங்க மாட்டேன், என் கணக்கிலும் போடச் சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் கட்டச் சொல்லி ரசீது கொடுக்க ஏற்பாடு செய்வேன்" என்பதே பதில்.

"கூரை ஒழுகுகிறது, வருபவரிடம் சொல்லாதே என்கிறார் வீட்டுக்காரர்" என்றால்? மறைக்க மாட்டேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். பழுது பார்க்கவோ விலையைக் குறைக்கவோ வீட்டுக்காரரிடம் பேசுவேன், மேலே உள்ள முகவருக்கும் தெரிவிப்பேன் என்று சொல்லுங்கள்.

"உனக்கு யாரைத் தெரியும்?" என்றால் தலை குனிய வேண்டாம். கோயில் கமிட்டி, பள்ளித் தோழர்கள், பந்து விளையாடும் கூட்டம், பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைக்குப் போகும் உறவினர்கள் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை பேரைத் தெரியும் என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

பட்டணத்தைப் படியுங்கள்

நிலையான உரிமை நிலத்துக்கும் 99 ஆண்டுக் குத்தகை நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள பழைய கடைவீட்டை நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாது, மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். 1948-க்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. வாடகை ஏறி, பல பழைய குடித்தனக்காரர்கள் பட்டணத்தை விட்டுப் போனார்கள். வீட்டு விலை பேசுகிறவனுக்கு அந்த வீட்டில் வாழ்ந்தவர் கதையும் தெரிந்திருப்பது நல்லது.

நீங்கள் கேட்க வேண்டியவை

கேள்வி கேட்பது அவர்களுடைய உரிமை மட்டுமல்ல. "மாதச் சம்பளம் உண்டா, அல்லது தரகுப் பங்கு மட்டுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பங்கு மட்டுமே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு விற்பனைக்குத் தரகு அதிக அளவாக 3 விழுக்காடு. 400,000 வெள்ளி வீடு விற்றால் 12,000 வெள்ளி. அது நிறுவனத்துக்குப் போகும், அதில் உங்கள் பங்கு எவ்வளவு, எந்த நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வாங்குபவர் பொதுவாக 10 விழுக்காடு கட்டுவார், மீதிக்கு வழக்கமாக மூன்று மாதத் தவணை உண்டு. வங்கிக் கடன் கிடைக்காமல் பேச்சு முறிந்து போவதும் உண்டு. ஆக, முதல் காசு கைக்கு வரச் சில மாதம் ஆகலாம். அதுவரை பெட்ரோலும் கைப்பேசிச் செலவும் உங்கள் பொறுப்பு.

ஆகவே பெற்றோரே, ஆறு மாதம் பிள்ளையின் சம்பளம் இல்லாமல் அடுப்பெரியுமா என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால் மாதச் சம்பளம் தரும் இடமாகத் தேடச் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. இபிஎஃப், சொக்சோ நிறுவனம் கட்டுமா என்றும் கேளுங்கள். கட்டாதென்றால் பிள்ளையே கட்டி வர வேண்டும்.

அன்றைய தினம்

அடையாளக் கார்டு, எஸ்பிஎம் சான்றிதழ், வாகன லைசென்ஸ் ஆகியவற்றின் நகல்களை முதல் நாளே எடுத்து வையுங்கள். செபராங் பிறையிலிருந்து போகிறவர்கள் பாலத்து நெரிசலை நினைத்து ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். வெளுத்த சட்டை போதும், கடன் வாங்கிக் கோட்டுப் போட வேண்டாம். நிறுவனத்தின் பதிவு எண் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று முன்னதாகவே சரிபாருங்கள்.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பார்கள். உங்கள் முன்னே வந்து உட்காரும் ஆள் இருபது வருட உழைப்பைக் கையில் கொண்டு வருவார். அவரும் ஒரு காலத்தில் லயத்து வீட்டில் குடியிருந்தவராக இருக்கலாம். அவர் பணத்தை உங்கள் தகப்பனார் பணம்போல் பார்ப்பீர்களா என்பதைத்தான் அந்த மேசைக்கு எதிரே இருப்பவர் அறிய விரும்புகிறார். ஆம் என்று மனத்தார நினைப்பவர்கள் தைரியமாகப் போய் வாருங்கள்.