போலந்திலிருந்து ஓர் ஒப்பாரி

உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் திருநங்கைகள் தாலி அறுத்து, வளையல் உடைத்து அரவானுக்காக அழுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அழுகைக்கும் இலக்கணம் உண்டு. சொன்னதே திரும்ப வரும். ஒரு குரல் ஓயும் இடத்தில் இன்னொன்று ஏறும். அவசரம் கிடையாது. அந்தக் காது வாய்த்தவர்களுக்குப் போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி அந்நியமாக இருக்காது. 1977-இல் பிரான்ஸில் அது முதன்முதலாக அரங்கேறியபோது நவீன இசைக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து எழவு வீடுகளில் விடிய விடிய உட்கார்ந்த ஒரு கிழவிக்கு, அவர்களைவிடச் சீக்கிரம் அது பிடிபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

குரெட்ஸ்கி 1933-இல் போலந்தின் சிலேசியப் பகுதியில், செர்னிட்சா கிராமத்தில் பிறந்தார். இரண்டு வயதில் தாய் இறந்துபோனார். சிறுவனாக விழுந்ததில் இடுப்பு மூட்டு பிசகி, அந்த உபாதை ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. கட்டோவிட்சே நகரில் இசை படித்து, 1960-இல் ‘ஸ்கோன்த்ரி’ என்ற படைப்பால் வார்சாவையே அதிரவைத்தார். மோதலும் இரைச்சலுமான இசை அது. பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, 1976-இல் ‘சோகப் பாடல்களின் சிம்பொனி’ எனப்படும் இந்த மூன்றாவது சிம்பொனியை எழுதினார். மூன்று பகுதிகள், மூன்றும் மெதுநடை, ஒரே ஒரு பெண் குரல்.

முதல் பகுதியில், சிலுவையில் கிடக்கும் மகனிடம் மரியாள் பேசுகிறாள். வரிகள் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மூன்றாவதில், சிலேசிய எழுச்சியில் மாண்ட மகனின் உடலைத் தேடும் ஒரு தாயின் நாட்டுப்பாட்டு. நடுவில் வருவதுதான் நெஞ்சை அறுப்பது. 1944-இல் ஸாகோபானே ஊரில், நாஜி ரகசியப் போலீஸின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி கீறி வைத்த வேண்டுதல். அம்மாவை அழ வேண்டாம் என்கிறாள். மரியாளைத் துணைக்கு அழைக்கிறாள். மற்றவர்கள் கொலைகாரர்களைச் சபித்து எழுதிய இடத்தில், இவள் யாரையும் சபிக்கவில்லை. குரெட்ஸ்கியை உலுக்கியது அதுதான்.

நம் ஒப்பாரி இங்கே வேறு பாதையில் போகும். அது ஏசும். சாமியை, பங்காளியை, செத்தவரையே கூட விடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது, வசவில்லாத அழுகையை அந்தத் தெருக்களிடம் யார் எதிர்பார்க்க முடியும்? எனக்கு இரண்டும் வேண்டும்.

ஆனால் குரெட்ஸ்கி பணிந்து போகிற ஆள் இல்லை. போப்பாண்டவர் கட்டோவிட்சேக்கு வருவதைக் கம்யூனிஸ்ட் அரசு தடுத்ததும், 1979-இல் இசைக் கல்லூரித் தலைவர் பதவியை உதறினார். 1981-இல் பித்கோஷ்ச் நகரில் தொழிற்சங்கத்தினர் அடிக்கப்பட்டதற்கு ‘மிசெரேரே’ என்ற பாடற்குழு இசையால் பதில் சொன்னார். அது அரங்கேற 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டாட்ரா மலையடிவாரத்துப் பிடில்காரர்களின் இசையில் அவருக்குத் தீராத மோகம். கடைசிக் காலத்தில் அங்கேயே, ஸாகோபானேவுக்கு அருகில் ஒரு சிற்றூரில் வீடு வைத்துக்கொண்டார். கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் போய் உட்கார்ந்து, கல்வராயன் மலைவாசிகளின் பாட்டுக்குக் காது கொடுக்கும் இசையமைப்பாளர் நமக்கு எப்போது வாய்ப்பாரோ!

டான் அப்ஷா பாடி, டேவிட் ஸின்மன் நடத்தி, 1992-இல் வெளியான மூன்றாவது சிம்பொனியின் ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பிரிட்டனில் பாப் தட்டுகளோடு போட்டியிட்டு ஆறாம் இடம் வரை ஏறியது. குரெட்ஸ்கி 2010-இல் மறைந்தார்.

கேட்க விரும்புகிறவர்கள் நடுப்பகுதியில் தொடங்கலாம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் பகுதிக்கு மட்டும் இயர்போன் கட்டாயம். டபுள் பாஸ்கள் அடிமட்டத்திலிருந்து எழும்புவதால், செல்போன் ஸ்பீக்கரில் தொடக்கம் காதில் விழவே விழாது.