பாடக் கூடாத குலத்தில் ஒரு பாடகர்

"பாடாதே!" என்றனர்.

யாரைப் பார்த்து? குரல் கெட்டவரைப் பார்த்தா? இல்லை. தாளம் தவறியவரைப் பார்த்தா? அதுவும் இல்லை. ஆப்பிரிக்காவின் பொற்குரல் என்று பின்னாளில் உலகம் யாரைப் போற்றியதோ, அவரைப் பார்த்து! காரணம்? அவர் அரச குலத்தில் பிறந்துவிட்டாராம். பாடுவது அந்தக் குலத்துக்கு இழுக்காம்!

குலத்தொழில் என்னும் விலங்கு அடித்தட்டில் கிடப்போரின் காலில் மட்டுமே பூட்டப்படுகிறது என்று எண்ணுவோர் உண்டு. மேல்தட்டிலே இருப்பவர் கழுத்திலும் அது கிடக்கிறது. அங்கே அதற்குப் பொன்முலாம் பூசி, 'குலப்பெருமை' என்று பெயர் சூட்டியிருப்பார்கள், அவ்வளவே! அந்தப் பொன்விலங்கை அறுத்தெறிந்தவரின் கதை இது. பெயர், சலீஃப் கெய்ட்டா. நாடு, மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி.

1949 ஆகஸ்டு 25. நைஜர் ஆற்றங்கரையில் ஜோலிபா என்னும் சிற்றூர். அன்று அந்த மண்ணுக்கு 'பிரெஞ்சு சூடான்' என்று பெயர். 1960-இல்தான் அது விடுதலை பெற்று மாலி ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்ட்டாவின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார் சலீஃப். முன்னோருக்கு முடி இருந்தது. குடும்பத்துக்கு இருந்ததோ ஏர்தான்.

அந்தச் சமுதாயத்திலே மூன்று படிகள். மேற்படியில் 'ஹோரோன்'. ஆள்வோரும் போர் புரிவோரும் உழுவோரும் அவர்களே. அடுத்த படியில் 'ஞாமகலா'. கொல்லர், தோல் வினைஞர், பாணர் ஆகியோர் இதில் அடக்கம். கீழ்ப்படியில் 'ஜோன்'. அதாவது அடிமைகள்! பாணருக்கு 'ஜெலி' என்று பெயர். அரசர்களின் வரலாற்றை நெஞ்சிலே சுமப்பவர். அவர்தம் புகழைப் பாடுபவர். கோரா என்னும் நரம்புக் கருவியை மீட்டுபவர். தந்தை ஜெலி என்றால் மகனும் ஜெலி. கெய்ட்டா குடும்பத்தாரோ பாடப்படுவோர், பாடுவோர் அல்லர்!

குலம் ஒரு சுவர் என்றால், நிறம் இன்னொரு சுவர். கறுத்த பெற்றோருக்கு வெளுத்த மேனியோடு பிறந்தார் சலீஃப். தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தருகின்ற மெலனின் உடலில் குறைவாகச் சுரக்கும் பிறவிநிலை அது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவால் நேர்வது. சாபமன்று, சாமிக் குற்றமுமன்று. வெயில் தோலைச் சுடும், பார்வை மங்கலாகும். ஆனால், வெயிலினும் கொடிதாய்ச் சுட்டது ஊரார் வாய்!

ஆசிரியராக வேண்டும் என்று விரும்பினார். பார்வைக் குறை என்று சொல்லி அந்தக் கதவையும் சாத்தினர். எதிர்ப்பை மீறித் தலைநகர் பமாக்கோவுக்குப் போனார். மதுக்கடைகளிலே பாடினார். சந்தையிலே படுத்துறங்கினார். அரச குலத்துப் பிள்ளைக்குச் சந்தைத் திண்ணையே அரண்மனை!

1970. பமாக்கோ புகைவண்டி நிலையத்து உணவுவிடுதியில் ரயில்வே நிர்வாகத்தின் ஆதரவோடு ஓர் இசைக்குழு தோன்றியது. 'ரயில் பாண்ட்' என்று அதற்குப் பெயர். வண்டிக்குக் காத்திருப்போரும் ஊராரும் கூடுகிற இடம். அங்கே ஒலித்தது சலீஃபின் குரல். மாண்டிங் மண்ணின் பழம்பாட்டு, கிதாரும் ஊதுகுழலும் துணைநிற்கப் புதுநடை போட்டது. 1973-இல் 'லே அம்பாசதேர்' குழுவில் சேர்ந்து, கினியா நாட்டுக் கிதார்க் கலைஞர் காந்தே மன்ஃபிலாவோடு கைகோத்தார். 1978-இல், மூசா திராவோரேயின் இராணுவ ஆட்சி நடந்த மாலியை விட்டு, ஐவரி கோஸ்டின் அபிஜான் நகருக்குப் பெயர்ந்தார்.

அந்நாளில் அவர் பாடிப் பெரும்புகழ் பெற்ற பாடல் 'மாஞ்சு'. யாரைப் புகழ்ந்து? கினியாவின் அதிபர் செக்கு தூரேயை! 1958-இல் பிரெஞ்சுப் பேரரசை எதிர்த்து 'வேண்டாம்' என்று வாக்களித்த ஒரே பிரெஞ்சு ஆப்பிரிக்க நாடு கினியா. அதன் தலைவர் தூரே. அந்த வீரத்துக்கு வணக்கம்! ஆனால் அதே தூரேயின் ஆட்சியில்தான் போயிரோ முகாம் என்னும் சிறைக்கூடம் இருந்தது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் தியாலோ தெல்லி 1977-இல் அங்கேதான் மடிந்தார். பாட்டு இனித்தது, பாட்டுடைத் தலைவனின் சிறை இனித்ததா?

1984-இல் பாரிசுக்குச் சென்றார். 1987-இல் வெளிவந்தது 'சோரோ' இசைத்தட்டு. ஆப்பிரிக்கத் தாளமும் மின்னிசைக் கருவிகளும் கலந்த அந்தத் தட்டு அவரை உலகறியச் செய்தது. அதே 1987-இல்தான் இலண்டனிலே இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் ஒரு மதுவிடுதியில் கூடி, இத்தகைய தட்டுகளைக் கடையில் அடுக்குவதற்கு 'உலக இசை' என்று பெயர் வைத்தனர். விந்தையைப் பாருங்கள்! ஐரோப்பியர் பாடினால் அது இசை. ஆப்பிரிக்கர் பாடினால் அது 'உலக இசை'! கடை அலமாரியிலும் ஒரு தனிச்சேரி!

2009-இல் 'லா டிஃபெரான்ஸ்' தொகுப்பு. 'வேறுபாடு' என்பது பொருள். எந்த நிறத்துக்காக ஏளனம் செய்யப்பட்டாரோ, அந்த நிறத்தையே பாடுபொருளாக்கினார். 2010-இல் பிரான்சின் 'விக்தோர்' இசை விருது அதற்குக் கிடைத்தது. நிறமிக் குறையோடு பிறந்தோருக்காக ஓர் அறக்கட்டளையும் நிறுவினார்.

தேவையா அது என்று கேட்பீர்களா? கேளுங்கள். 2018 மே மாதம், மாலியின் ஃபானா என்னும் ஊரிலே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அவள் செய்த குற்றம், வெளுத்த மேனியோடு பிறந்தது! அத்தகையோரின் உடலுறுப்பு செல்வம் தரும், பதவி தரும் என்று நம்பும் மூடர் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் உண்டு. மூடநம்பிக்கை வெறும் அறியாமைதானே என்போர் அந்தப் பிஞ்சின் முகத்தை எண்ணிப் பார்க்கட்டும். அது அறியாமை மட்டுமன்று, ஆயுதம்! அதே ஆண்டு நவம்பரில், அதே ஃபானா ஊரில், அந்தச் சிறுமியின் நினைவாக இசை நிகழ்ச்சி நடத்தினார் சலீஃப். 'இன்னொரு வெள்ளையர்' என்று பொருள்படும் தொகுப்பை அங்கேதான் அறிமுகம் செய்தார்.

அவர் மகள் நான்தெனினும் அதே நிறமிக் குறையோடு பிறந்தவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் பிரான்சுக்காக 400 மீட்டர் ஓடித் தங்கம் வென்றார். சாபம் என்றனர்; தங்கம் என்று திருப்பிச் சொன்னது அந்தக் குடும்பம்!

இத்தனையும் சொன்ன நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020-இல் மாலியில் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. அது அமைத்த இடைக்கால மன்றத்தில் உறுப்பினரானார் சலீஃப். 2023-இல் அதிலிருந்து விலகினார். விலகிய சில நாளில் இராணுவத் தலைவர் அசிமி கோய்ட்டாவின் தனி ஆலோசகரானார். கலைஞர் அரசியலுக்கு வரக்கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். வரட்டும்! ஆனால் மக்கள் வாக்கால் அமைந்த அவைக்கு வருவது வேறு. துப்பாக்கி அமைத்த அவையில் அமர்வது வேறு.

அரசனைப் புகழ்வது ஜெலியின் குலக்கடமை. குலக்கட்டை உடைத்துப் பாட வந்தவர் ஜெலியின் இசையை எடுத்துக்கொண்டார், அது புரட்சி. அரண்மனை வாயிலில் நிற்கும் வழக்கத்தையும் ஏன் எடுத்துக்கொண்டார்? அன்பினால்தான் கேட்கிறோம்.

2025-இல், எழுபத்தைந்து வயதில், கிதாரும் குரலுமே முதன்மையாக 'சோ கோனோ' என்ற தொகுப்பைத் தந்தார். பாடாதே என்று தடுத்த ஊரும், படிகள் வகுத்த வழக்கமும் அந்தக் குரலின்முன் தோற்றுப்போயின. ஆட்சியாளரைப் பாடிய பாட்டு ஆட்சியோடு போகும். ஃபானாவின் சிறுமிக்காக எழுந்த குரல் போகாது. அந்தக் குரலுக்கே நம் வணக்கம்!