ஹைட்ரஜனை ஏற்கும் நிக்கல் தூள்

கட்டியான நிக்கல் சாதாரண நிலையில் ஹைட்ரஜன் வாயுவை அதிகமாக ஏற்பதில்லையாயினும், அதே உலோகத்தை மிக நுண்ணிய தூளாக்கி, அதன் மேற்பரப்பைப் பன்மடங்கு விரித்துவிட்டால், வாயு அணுக்கள் அதன்மீது அடர்ந்து படிந்துவிடுகின்றன. இத்தகைய நுண்தூளைக் கொண்டு கரிமப் பொருள்களில் ஹைட்ரஜனைச் சேர்த்த பிரெஞ்சு ரசாயன அறிஞர் பால் சபாத்தியேவுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் நிக்கல் ஆக்ஸைடைச் சூடேற்றி, அதன்மேல் ஹைட்ரஜனைச் செலுத்தித் தூளைப் பெற்றார். அமெரிக்கப் பொறியாளர் முர்ரே ரேனி 1927-இல் காப்புரிமை பெற்ற முறையோ, என் அபிப்பிராயத்தில், அதனினும் சாதுரியமானது. நிக்கலையும் அலுமினியத்தையும் சம எடையில் உருக்கிக் கலந்து, ஆறியபின் பொடித்து, அப்பொடியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சிறிது சிறிதாக இடவேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் நுரை பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். அலுமினியம் கரைந்து வெளியேற, எஞ்சும் நிக்கல் கடற்பஞ்சு போலச் சூக்ஷ்மத் துவாரங்கள் நிறைந்து நிற்கிறது. அவ்வினையிலேயே பிறந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதியும் அதிலேயே தங்கிவிடுகிறது.

பிறகு காரம் நீங்கும்வரை பலமுறை கழுவுவார்கள். அந்தக் கருஞ்சாம்பல் தூள் காற்றில் உலர்ந்தால் தானே கனன்று தீப்பற்றுமாதலால், அதை எப்போதும் நீரில் மூழ்கவைத்தே சேமிக்கவேண்டும். வடிகட்டிய தாளைக்கூட உலர்ந்த குப்பைத்தொட்டியில் எறிந்துவிடலாகாது.